உருபு ஏறிய சொல்லைக் கலைக்கலாமா? மறைகுறிப்பு எழுதுவதும் அதை எடைபோடுவதும்

4 பிப்ரவரி 2023, ஒரு வாசகரின் கேள்வி

“எழுத்துகளைக் கலைத்தும் ஒளித்தும் வெட்டியும் எழுதப்படும் குறுக்கெழுத்துக் குறிப்புகள் ஆங்கிலத்துக்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். தமிழ்ச் சொல் வாக்கியத்துக்குள் நுழைந்தவுடன் வேற்றுமை உருபு ஏறுகிறது, சாரியை புகுகிறது, வல்லினம் மிகுகிறது. ‘பணயம்’ என்பது ‘பணயத்தை’ என்று ஆன பிறகு அதைக் கலைத்தால் ‘பயணம்’ எப்படி வரும்? சென்ற மாதம் நீங்கள் முதலிடம் கொடுத்த குறிப்பில் இதுதான் நடந்திருக்கிறது. எழுத்துக் கணக்குச் சரியாக இல்லாத குறிப்பு முதலிடம் பெறுமானால், நடுவர் என்பவர் தம் ரசனையைத் தவிர வேறு எதைப் பார்க்கிறார்?”

4 பிப்ரவரி, இரவு

மாதம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு வாசகர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளை நான் தரவரிசைப்படுத்துகிறேன். சென்ற மாதம் அந்தப் போட்டிக்குக் கொடுத்த சொல் ‘பயணம்’. நான் முதலிடம் கொடுத்த குறிப்பு இது:

பணயத்தைக் குலைத்த யாத்திரை (4)

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். மறைகுறிப்பு எனப்படும் இத்தகைய குறிப்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடைக்கு நேர்ப்பொருள், இங்கே ‘யாத்திரை’. மற்றது விடையின் எழுத்துகளை வேறு வழியில் தருவது. இங்கே ‘பணயம்’ என்பதன் எழுத்துகளைக் குலைத்தால் ‘பயணம்’ வரும். இரண்டும் சேர்ந்து, புதிரைப் பற்றிய நினைப்பே இல்லாத ஒருவர் படித்தாலும் பொருள் தரும் வாக்கியமாக அமைய வேண்டும். அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதால் ப, ய, ண, ம் என்று நான்கு.

வாசகரின் கேள்விக்கு என் பதில்: தமிழ் படிப்பவர் ‘பணயத்தை’ என்று கண்டதும் அதன் அடியில் ‘பணயம்’ இருப்பதை உணர்ந்துவிடுவார். உருபைக் கழற்றிப் பார்ப்பது நமக்கு மூச்சு விடுவதைப் போன்றது. ஆகவே குறிப்பு நேர்மையானதே.

6 பிப்ரவரி

மேலே எழுதியதை இரண்டு நாள்களாக மறுபடி மறுபடி படித்தேன். அது தவறு.

தாளை எதிரே வைத்து விரலால் எண்ணினேன். ப, ண, ய, த், தை. அடுத்து வரும் ‘குலைத்த’ என்பதால் ஒரு க் வேறு. ஆறு எழுத்துகள் கையில் இருக்கின்றன, வேண்டியது நான்கு. அதைவிட, வேண்டிய நான்கில் ஒன்றான ம் அந்த ஆறில் இல்லவே இல்லை. விடையில் இருக்கும் ஓர் எழுத்து குறிப்பில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத எழுத்தைக் கலைக்கும்படி விடை காண்பவரிடம் கேட்டிருக்கிறோம். மேற்பொருளின், அதாவது வெறும் வாக்கியமாகப் படித்தால் கிடைக்கும் பொருளின், அழகில் மயங்கி எண்ணாமல் விட்டது என் பிழை.

8 பிப்ரவரி

அந்தக் குறிப்பை எழுதியவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவருக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். அவரோ ஓர் எழுத்தை மாற்றி, சாரியையையும் உருபையும் களைந்து, வேறு எதுவும் சொல்லாமல் இதை அனுப்பியிருக்கிறார்:

பணயம் குலைந்த யாத்திரை (4)

‘குலைத்த’ என்பது ‘குலைந்த’ ஆயிற்று. பிறவினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். அதற்கு ஐ வேண்டும். ஐ வந்தால் அத்துச்சாரியை வரும். தன்வினைக்கு எழுவாய் போதும், எழுவாய்க்கு உருபு கிடையாது. இப்போது நான்கு எழுத்துகளும் எழுதப்பட்டபடியே முழுமையாக இருக்கின்றன.

12 பிப்ரவரி

அந்த ஒற்றை எழுத்து மாற்றத்தை வைத்துக்கொண்டு என்னிடம் உள்ள பழைய குறிப்புகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். நான் வந்து சேர்ந்த இடம் இது: கலைக்கப்பட வேண்டிய சொல்லை எழுவாயாக வைக்க வேண்டும். எழுவாய்த் தொடரில் வல்லினம் மிகாது என்பது பள்ளியில் படித்த விதி. ஆகவே உருபுத் தொல்லை, ஒற்று மிகும் தொல்லை ஆகிய இரண்டும் ஒரே இடத்தில் தீர்கின்றன. அதற்கேற்ற தன்வினைகளும் தமிழில் நிறைய இருக்கின்றன: கலைந்த, குலைந்த, சிதைந்த, உடைந்த, பிறழ்ந்த, சிதறிய, குழம்பிய, தடுமாறிய. ஆங்கிலத்தில் சொல்லின் உருவம் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நமக்குக் கவலை உண்டு, அதற்கு மருந்தும் நம் இலக்கணத்திலேயே உண்டு.

மருந்து எல்லா இடத்திலும் எளிதாக இறங்காது என்பதற்கு ஒன்றைக் காட்ட வேண்டும். விடை ‘வாடகை’. பல மாதங்களுக்கு முன் வந்த குறிப்பு:

கை வாட உழைத்துக் குழம்பிக் குடியிருப்பவர் தருவது (3)

‘கை வாட’ என்பதைக் குழப்பினால் வாடகை. நேர்ப்பொருள் ‘குடியிருப்பவர் தருவது’. நடுவே ‘உழைத்து’ எதற்கு? அது கலைக்கவும் இல்லை, பொருள் தரவும் இல்லை. வாக்கியத்துக்கு அழகாக நின்றுகொண்டிருக்கிறது. அப்போது நான் ஒட்டுச்சதை என்று குறித்து ஒதுக்கினேன். இன்று பார்க்கும்போதுதான், எழுதியவர் அதை ஏன் அங்கே வைத்தார் என்பது புரிகிறது. ‘உழைத்து’ என்பதை எடுத்துவிட்டால் ‘கை வாடக் குழம்பி’ என்று எழுத வேண்டும். ‘வாட’ என்ற எச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும், ஒரு க் வந்து எழுத்துகளோடு கலந்துவிடும். அந்தக் க்-ஐத் தவிர்க்கவே அவர் உயிரெழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை இடையில் நிறுத்தியிருக்கிறார். நோக்கம் சரி, ஆனால் அந்தச் சொல்லுக்கு வேலை கொடுக்கவில்லை. உயிரெழுத்தில் தொடங்கும் கலைக்கும் சொல்லே இருந்தால்?

கை வாட உழன்று குடியிருப்பவர் தருவது (3)

உழலுதல் என்றால் சுழலுதல், அலைதல். எழுத்துகளைச் சுழற்றவும் அதுவே போதும், வறுமையைச் சொல்லவும் அதுவே போதும். குறிப்பில் இப்போது வேலையில்லாத சொல் ஒன்றும் இல்லை.

13 பிப்ரவரி

ஒரு திருத்தம். எழுவாய் ஒன்றே வழி என்பதுபோல் நேற்று எழுதிவிட்டேன். அஃறிணைச் செயப்படுபொருளுக்கு ஐ இல்லாமலும் தமிழில் எழுதலாம். பால் குடித்தான், நீர் பருகினான் என்பவை போல. இரண்டாம் வேற்றுமைத் தொகையிலும் வல்லினம் மிகாது. ஆகவே ‘பணயம் குலைத்த’ என்று பிறவினையிலேயே எழுதினாலும் எழுத்துக் கணக்குக் கெடாது. தன்வினை எனக்கு இன்னும் தெளிவாகத் தோன்றுகிறது. ஆனால் இனி இதை எழுதி அனுப்புபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவேன்.

19 பிப்ரவரி

‘விரலால் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு ஏன் இவ்வளவு கடுமை? விளையாட்டுத்தானே?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

விளையாட்டு என்பதால்தான். ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வோர்ல்டு நாளிதழில் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் நேர்ப்பொருள் மட்டுமே இருந்தது. அங்கே ஏமாற்ற இடமில்லை, ஆகவே விதிக்கும் தேவை இல்லை. குறிப்பு பொய் சொல்லத் தொடங்கிய பிறகுதான், எவ்வளவு பொய் சொல்லலாம் என்ற கேள்வி வந்தது. ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த ஏ. எஃப். ரிச்சி 1949இல் அதற்கு ஒரு வரியில் விடை சொன்னார். அதன் கருத்து: நீ சொல்வதையே நினைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியே இருக்க வேண்டும்.

இந்த ஒரு வரியை நான் எத்தனையோ முறை பிறருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் முதலிடத்தைத் தீர்மானித்த அன்று நானே அதை மறந்திருக்கிறேன். ‘பணயத்தை’ என்று சொல்லிவிட்டு ‘பணயம்’ என்று நினைத்தால், நினைத்ததைச் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

5 மார்ச்

நான் எப்படி எடைபோடுகிறேன் என்று முதல் வாசகர் கேட்டது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

வந்த குறிப்புகளை ஒருவர் பெயர் நீக்கி எனக்குத் தருகிறார். முதல் நாள் அவற்றை வாக்கியங்களாக மட்டும் படிப்பேன். இப்படி ஒரு வாக்கியத்தை ஒருவர் புதிருக்கு வெளியே சொல்வாரா என்பதே அன்றைய கேள்வி. அடுத்த நாள், விடையை அறியாதவனாக என்னை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். மூன்றாம் நாள் விரலால் எண்ணுவேன். இந்த மூன்றாம் நாள் பிப்ரவரியில் சேர்ந்தது. மதிப்பெண் போடுவதை முன்பே விட்டுவிட்டேன். மேற்பொருளுக்கு இவ்வளவு, நேர்மைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கூட்டினால், இரண்டிலும் சுமாரான குறிப்பு, ஒன்றில் உயர்ந்து மற்றதில் சிறிது குறைந்ததை வென்றுவிடும். நேர்மையைக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. அது வாசற்படி, தாண்டியவர்களுக்குள்தான் போட்டி.

ஆனால் எது நேர்மை என்பதிலும் தடுமாறுகிறேன். இம்மாதச் சொல் ‘குடம்’. வந்தவற்றில் ஒன்று:

மகுடம் தலையிழந்தால் தண்ணீர் சுமக்கும் (3)

முடி இழந்த அரசனின் கதை முழுவதும் நான்கு சொற்களில் வந்துவிட்டது. படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் நடந்தேன். பிறகு பழைய வழக்கறிஞன் விழித்துக்கொண்டான். விடை பெயர்ச்சொல், ‘தண்ணீர் சுமக்கும்’ என்பது வினைமுற்று. நேர்ப்பொருள் விடையின் இடத்தில் நிற்க வேண்டுமானால் ‘தண்ணீர் சுமப்பது’ என்றல்லவா இருக்க வேண்டும்? அதனால் இரண்டாம் இடம் கொடுத்தேன்.

7 மார்ச்

இரண்டாம் இடம் தவறு. தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடுவது குறையாகாது. தோன்றா எழுவாய் என்று அதற்குப் பெயரே உண்டு. ‘மகுடம் தலையிழந்தால் தண்ணீர் சுமக்கும்’ என்பதில் சுமப்பது எது? தலையிழந்த பின் எஞ்சிய குடம். குறிப்பு சொல்வது ஓர் உண்மை: முதல் எழுத்தை வெட்டு, எஞ்சியது தண்ணீர் சுமக்கும். விடை எழுவாயாக உள்ளே மறைந்து நிற்கிறது. ‘சுமப்பது’ என்று மாற்றினால் வாக்கியம் முறிகிறது, மன்னனும் போய்விடுகிறான். வேற்றுமொழிக்காக வகுத்த விதியைத் தமிழின் மேல் அப்படியே வைத்துப் பார்த்தேன். பட்டியலைத் திருத்திவிட்டேன், அது முதலிடம்.

பிப்ரவரியில் கடுமை போதவில்லை, மார்ச்சில் கடுமை மிகுந்தது. இரண்டிலும் நான் தமிழ் இலக்கணத்தைக் கேட்கவில்லை என்பதே பொதுவான பிழை.

9 மார்ச்

சற்று விலகிப் போகிறேன். லண்டனின் ஆப்சர்வர் இதழில் எட்வர்டு பாவிஸ் மாதர்ஸ் ‘டார்க்கமாடா’ என்ற பெயரிலும், அவருக்குப் பின் டி. எஸ். மெக்நட் ‘ஹிமேனஸ்’ என்ற பெயரிலும் புதிர் அமைத்தனர். 1972 முதல் ஜோனதன் கிரௌதர் ‘ஏஸெட்’ ஆனார். முதல் இருவரின் பெயர்களும் ஸ்பெயினின் சமய விசாரணைத் தலைவர்களுடையவை. மூன்றாவதும் ‘தேசா’ என்ற விசாரணைத் தலைவரின் பெயரைப் பின்னிருந்து எழுதியது. வாசகர்களுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துக் குறிப்பு எழுதச் சொல்லித் தரவரிசைப்படுத்தும் போட்டி அந்த மரபில் வளர்ந்தது. நல்ல குறிப்பில் துல்லியமான நேர்ப்பொருள் ஒன்று, நியாயமான சொல்விளையாட்டு ஒன்று, இவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்று ஏஸெட் சுருக்கிச் சொல்வார். ‘வேறெதுவும் இல்லை’ என்ற மூன்றாவதுதான் மிகக் கடினம். ‘உழைத்து’ அங்கேதான் தடுக்கி விழுந்தது.

2 ஏப்ரல்

உயிர்மெய்யை உடைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு குறிப்புகளை அருகருகே வைக்கிறேன்.

அன்பகலா நெஞ்சில் இருக்கும் பொழுது (3)

விடை ‘பகல்’ என்று அனுப்பியவர் சொல்கிறார். அ, ன், ப, க, லா. ப, க வரை இருக்கிறது. அடுத்து ல் இல்லை, லா இருக்கிறது. லாவுக்குள் ல் ஒலியாக இருக்கிறது, எழுத்தாக இல்லை. ஒளித்து வைத்தல் என்பது கண்ணுக்கு எதிரே வைத்துவிட்டுக் காணாமல் போகச் செய்வது; அந்த எழுத்து தாளில் இருந்தாக வேண்டும். இதை ஏற்கவில்லை. ஒளித்து வைப்பதற்கு என் கண்ணில் அளவுகோலாக நிற்பது முன்பு ஒருவர் ‘கவிதை’க்கு எழுதியது:

பெருக விதைத்தவன் உள்ளத்தில் பாட்டு (3)

பெரு-கவிதை-த்தவன். மூன்று எழுத்தும் முழுதாக இருக்கின்றன, ஆனால் சொல்லிடைவெளி அவற்றைப் பிரித்துவிட்டதால் கண் தாண்டிப் போகிறது.

அடுத்தது:

கால் ஒடிந்த காடை விற்கும் இடம் (2)

‘கா’ என்பதில் இருக்கும் துணைக்காலை ஒடித்தால் க. காடை கடை ஆகிறது. இங்கே உயிர்மெய் உடைக்கப்படுகிறது, ஆனால் எங்கே உடைப்பது என்பதைக் குறிப்பே சொல்கிறது. கால் என்பது அந்தக் குறியீட்டுக்கு நம் பிள்ளைகளும் அறிந்த பெயர். நொண்டிக் காடை விற்கும் கடை ஒன்று கண்முன் நிற்கிறது, அதே சமயம் எழுத்தின் உருவமும் நிற்கிறது. ரோமன் எழுத்தில் இந்த விளையாட்டுக்கு வழியே இல்லை. கால், கொம்பு, சுழி, புள்ளி என்று நம் எழுத்துக்கு உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உலகத்தில் வேறொரு பொருளின் பெயராகவும் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய வியப்பு.

ஆகவே என் முடிவு: சொல்லிவிட்டு உடைத்தால் ஏற்பேன், சொல்லாமல் உடைத்தால் ஏற்க மாட்டேன்.

4 ஏப்ரல்

‘பகல்’ அனுப்பியவர் திருத்தி அனுப்பியிருக்கிறார்:

அன்ப, கல்வி உள்ளே வெளிச்சம் தரும் பொழுது (3)

அன்-ப கல்-வி. ப, க, ல் மூன்றும் தாளில் இருக்கின்றன. ‘பொழுது’ வாக்கியத்தில் ‘தரும்போது’ என்ற பொருளில் ஓடுகிறது, விடையில் நாளின் ஒரு பகுதியாக நிற்கிறது. முதலில் நிராகரித்ததற்காக மகிழ்கிறேன்; நிராகரிக்காவிட்டால் இது பிறந்திருக்காது.

16 ஏப்ரல்

முதல் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். இம்முறை எதிர்ப்பக்கத்திலிருந்து: ‘எழுதியபடியே எழுத்து இருக்க வேண்டும் என்றால், சொற்களை ஒட்டும்போது வரும் புணர்ச்சியையும் நீங்கள் மறுக்க வேண்டும் அல்லவா?’

இதற்கு விடை தேடி, எழுத்துகளை வைத்து விளையாடும் நம் பழைய செய்யுள் வகைகளான சித்திரகவிகளுக்குப் போனேன். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் வினாவுத்தரம் என்ற வகையில் பல சிறு கேள்விகள் கேட்கப்படும். அவற்றின் விடைகளை ஒட்டினால் கடைசிக் கேள்வியின் விடை வரும். அதற்குக் காட்டப்படும் பாட்டில் பூமகள் யார் என்றால் திரு. போகிறவனை ஏவுபவன் சொல்வது ஏகு. சரத்தின் பெயர் அம்பு. அழகின் பெயர் அம். பிறைசூடிய பெருமான் உறையும் இடம் திருவேகம்பம். நம் குறுக்கெழுத்துக் குறிப்பில் சொற்களை ஒட்டும் வகை இதுவேதான். உறுப்புச் சொற்களைத் தனித்தனியே எண்ணினால் 2, 2, 3, 2 என்று ஒன்பது எழுத்துகள், விடையில் ஏழு. திருவுக்குப் பின் வ் தோன்றி ஏவோடு கூடியது. ஏகு, அம்பு இரண்டின் ஈற்று உகரமும் போய்விட்டன. பாட்டைச் செய்தவர் இதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு சொற்கள் வரிசை மாறாமல் அருகே வந்தால் எப்படிச் சேரும் என்பது படிப்பவருக்கும் தெரிந்த விதி.

கலைத்தலில் அந்த விதி இயங்காது. எழுத்துகள் இடம் மாறிய பிறகு எது எதோடு புணரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒட்டும்போது புணர்ச்சி உண்டு, கலைக்கும்போது இல்லை. என் சொந்தக் குறிப்பு ஒன்றை இதற்கு வைக்கிறேன்:

விழி அசைந்து முகம் காட்டும் (4)

கண், ஆடி, தனிக்குறிலின் பின் ஒற்று இரட்டித்துக் கண்ணாடி. இதை எழுதிய நாளில் அந்த ண் பற்றி எனக்கு ஐயம் இருந்தது, கோப்பிலேயே கிடந்தது. இப்போது இல்லை.

கரந்துறைச் செய்யுள் என்று இன்னொரு வகை உண்டு. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டின் எழுத்துகள் ஒளிந்திருக்கும். அக்கரச்சுதகத்தில் சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குறைய, வேறு வேறு சொற்கள் வரும். மகுடம் குடமாகும் கலைக்கு அது பாட்டன். இந்த விளையாட்டு ஆங்கிலத்துக்கே பொருந்தும் என்ற முதல் கேள்விக்கு இவற்றைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை.

21 மே

இம்மாதச் சொல் ‘தகரம்’. வந்தவற்றில் பாதி டப்பாவைச் சுற்றியே இருந்தன. ஒன்று மட்டும் தனியே நின்றது:

தங்கத்தின் தலை மலிவான உலோகம் (4)

தங்கத்தின் முதல் எழுத்து த. த என்ற எழுத்தின் பெயர் தகரம். குறிப்பில் எந்த எழுத்தும் கலையவில்லை, வெட்டுப்படவில்லை, ஒளியவில்லை; எழுத்தைப் பெயர் சொல்லி அழைத்ததுதான் வித்தை முழுவதும். ‘தங்கத்தின்’ என்று உருபு ஏறியிருப்பதும் இங்கே குறையாகாது, தலை கெடவில்லை அல்லவா? முதலிடம்.

22 மே

ஒரு வாசகர் சரியாகச் சுட்டியிருக்கிறார்: தகரம் என்ற உலோகம் மலிவானதே இல்லை. எடைக்கு எடை செம்பைவிட விலை கூடியது. மலிவாக நாம் காண்பது, அதன் மெல்லிய பூச்சுக் கொண்ட இரும்புத் தகடு. தங்கத்தோடு ஒப்பிட்டால் மலிவுதான் என்று வாதாடலாம், ஆனால் நேர்ப்பொருள் ஒப்பீட்டில் தொங்கக் கூடாது. எழுதியவரிடம் சொன்னேன். அவர் சுருக்கிவிட்டார்:

தங்கத்தின் தலை வெள்ளீயம் (4)

இப்போது பொருளும் துல்லியம், அதிர்ச்சியும் கூடுதல். முதலிடம் அப்படியே.

11 ஜூன்

கட்டம் அமைப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு, கேட்டவர்கள் இருவர். தமிழ்ச் சொல்லின் முதலில் மெய் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. ஆகவே ம்-இல் முடியும் சொல்லின் கடைசிக் கட்டத்தில் இன்னொரு சொல்லைத் தொடங்க முடியாது. அந்தக் கட்டம் மற்றதன் இடையிலோ ஈற்றிலோதான் விழ வேண்டும். மறுபுறம், 247 எழுத்துகளில் ஒன்று குறுக்கே கிடைத்தால் 26இல் ஒன்று கிடைப்பதைவிட மிகுதியான செய்தி கிடைக்கிறது. அதனால் கட்டத்தில் சந்திப்புகள் குறைந்தாலும் விடை காண்பவர் தவிக்க மாட்டார்.

9 ஜூலை

இருபொருள் குறிப்புகளைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை என்று நினைவூட்டியிருக்கிறார்கள். அவற்றிலும் உருபுதான் எதிரி. ‘மதி’க்கு ஒருவர் எழுதியது: நிலவைப் போற்று (2). நிலவு மதி, போற்று என்பதும் மதி. ஆனால் எழுதியிருப்பது ‘நிலவை’. அது மதியை ஆகுமே தவிர மதி ஆகாது. ‘ஆறு’க்கு வந்த இதைப் பாருங்கள்:

நதி வழி (2)

இரண்டு சொற்கள், இரண்டும் ஆறு. இடையே ஓர் எழுத்துக்கூட இல்லை. சேர்த்துப் படித்தாலோ நதி ஓடும் பாதை. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

20 ஆகஸ்ட்

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் இன்று ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். போட்டிக்கு அன்று, ‘பயணம்’ என்ற அதே பழைய சொல்லுக்கு.

பணயம் சிதறிய செலவு (4)

மூன்று சொற்கள். சூதில் வைத்த பொருள் சிதறிப்போன செலவு என்று மேலே ஓடுகிறது. உள்ளே ‘பணயம்’ சிதறிப் பயணம் ஆகிறது; எழுவாய், உருபில்லை, ஒற்றில்லை. ‘செலவு’ என்பதற்குச் செல்லுதல், பயணம் என்பது பழைய பொருள். தலைவன் போக்கைத் தவிர்ப்பதைச் செலவழுங்குதல் என்று அகப்பொருள் நூல்கள் சொல்லும்.

அன்றாட வழக்கில் இல்லாத பொருளை நேர்ப்பொருளாக வைப்பது நியாயமா என்று நாள் முழுவதும் யோசித்தேன். எல்லோரும் அறிந்த சொல்லுக்கு யாரும் நினைக்காத பொருள் என்பது ஒருபுறம் அழகு, மறுபுறம் கதவை உள்ளிருந்து தாழிடுவது. ஆனால் செல் என்ற வினைதானே செலவு? அகராதியைத் திறக்காதவரும் விடை கிடைத்தபின் ‘செல்வு, செலவு’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்து ஒப்புக்கொள்வார். விடை தெரிந்தபின் ஒப்புக்கொள்ள முடிகிறதா என்பதைத்தான் நான் எப்போதும் கடைசிச் சோதனையாக வைத்திருக்கிறேன். ஏற்றேன்.

21 ஆகஸ்ட்

ஜனவரிப் பட்டியலைத் திருத்தி வைத்திருக்கிறேன். ‘பணயத்தைக் குலைத்த யாத்திரை’ என்ற வரியை அழிக்கவில்லை. அதன் எதிரே ‘எழுத்துக் கணக்குத் தவறு, நடுவரின் பிழை’ என்று எழுதி, கீழே எழுதியவரின் திருத்தத்தையும், அதற்குக் கீழே நேற்று வந்ததையும் சேர்த்திருக்கிறேன். மூன்றையும் அனுப்பி வைத்ததற்கு, திருத்தம் செய்தவர் எழுதிய பதில் ஒரே வரி: “செலவு என்னுடையதைவிட நல்லது, ஆனால் யாத்திரையையும் பட்டியலில் விட்டுவையுங்கள்.”

விட்டுவைத்திருக்கிறேன். செப்டம்பர் மாதச் சொல் ‘புள்ளி’.